மேடை: சொல்லும் இனச்சொற்களும்

மேடை என்பது சுற்றியுள்ள தரையைவிட உயர்த்தி அமைத்த சமதளம். மண், கல், செங்கல், மரம், இரும்பு எதனாலும் அது அமையலாம். உட்கார, படுக்க, நின்று பேச, ஆட, காவல் காக்க, தெய்வத்தை நிறுத்த, பண்டங்களை ஏற்றி வைக்க என்று அதன் பயன்கள் பல. இன்றைய தமிழில் இவ்வளவுக்கும் மேடை என்ற ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது. பழந்தமிழில் ஒவ்வொரு பயனுக்கும் தனிப்பெயர் இருந்தது. தினைப்புனத்தில் இதணம், ஆடும் இடத்தில் அரங்கு, முரசுக்குக் கட்டில், துறவிக்கு அதிட்டானம், வீட்டு வாசலில் திண்ணை, ஊர்நடுவில் அம்பலம். யார் ஏறுகிறார்கள், எதற்காக ஏறுகிறார்கள் என்பதை வைத்தே பெயர் வேறுபட்டது. ஆகவே இச்சொற்களின் வரலாறு, உயரத்தில் அமரும் உரிமை யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதன் வரலாறாகவும் அமைகிறது.

இக்கட்டுரை அந்த வரலாற்றைப் புதுக்கோட்டை மாவட்டத்தையும், அதன் வடக்கே தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையில் அமைந்த கந்தர்வக்கோட்டை வட்டாரத்தையும் மையமாகக் கொண்டு கூறுகிறது. இச்சொற்களில் மிகப் பழைய ஒன்றின் கல்வெட்டுச் சான்றும், மேடைக்குப் பெயர்போன கலைஞர்கள் சிலரின் பிறப்பிடமும் இம்மாவட்டத்திலேயே உள்ளன.

சொற்பிறப்பு

மேடை என்பதன் அடி மேடு. மேடு, மேல், மேட்டிமை ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இயற்கையாக உயர்ந்த நிலம் மேடு. மனிதர் உயர்த்திச் செய்தது மேடை. தெலுங்கில் ‘மேட’ மாடிவீட்டைக் குறிக்கிறது. மலையாளத்தில் அதே சொல் மாளிகையைக் குறிக்கிறது. தேவாலயத்தை ஒட்டிய பாதிரியார் இல்லத்துக்குக் கேரளத்தில் ‘பள்ளிமேட’ என்று பெயர். அண்டை மொழிகளில் இச்சொல் வீட்டுக்குள் குடியேறிவிட, தமிழில் அது பெரும்பாலும் திறந்தவெளியிலேயே நின்றது.

திட்டு, திட்டை, திடல், திண்டு, திண்ணை ஆகியவை மற்றொரு கூட்டம். நீரோ பள்ளமோ சூழ்ந்த உயர்நிலம் திட்டு. தஞ்சாவூருக்கு அருகிலுள்ள தென்குடித்திட்டை போன்ற ஊர்ப்பெயர்களில் இச்சொல் வாழ்கிறது. அரங்கம் என்ற சொல்லும் ஆடும் இடத்தோடு ஆற்றிடைக்குறையையும் குறிக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த திருவரங்கம் இதற்குச் சான்று.

நிகண்டுகளும் அகராதிகளும்

உயர்தளத்தைக் குறிக்கும் சொற்களை நிகண்டுகள் ஒரே தலைப்பின்கீழ்க் குவிக்கவில்லை. திவாகரம், பிங்கலம் முதலிய நூல்களில் அவை இடப்பெயர், செயற்கைப் பொருளின் பெயர் எனப் பல தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. வேதிகை என்றால் திண்ணை. இதணம், பணவை, கழுது என்றால் பரண். பீடிகை என்றால் உயர்ந்த இருக்கை என்ற முறையில் அவை தொகுத்திருக்கின்றன. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பிரிந்தது. ஒரு சொல்லுக்குப் பல பொருளும் ஒரு பொருளுக்குப் பல சொல்லும் தனித்தனியே தேடும் வசதி அதில் வந்தது. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதியும், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் செய்யுள் வழக்கோடு வட்டார வழக்கையும் சேர்த்தன.

பரணும் அதன் பெயர்களும்

சங்க இலக்கியத்தில் மிக அதிகமாகப் பேசப்படும் உயர்தளம் தினைப்புனக் காவல் பரண். குறிஞ்சி நிலத்தில் தினைக்கதிர் முற்றும் காலத்தில் கிளிகளையும் யானை, பன்றி முதலிய விலங்குகளையும் ஓட்ட, மரக்கிளைகளின் மீதோ கம்புகள் நட்டோ பரண் கட்டினார்கள். இதன் பெயர்கள் இதண், இதணம், கழுது, பணவை, மிடை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவி கிளியோட்ட ஏறுவது இதணம். மலைபடுகடாம் கழுது என்ற சொல்லை ஆளுகிறது. பரண்மேல் இருந்து காவல் காப்பவனுக்குச் சேணோன் என்று பெயர். உயரத்தில் இருப்பவன் என்பது அதன் பொருள்.

கழுது என்ற சொல்லுக்குப் பேய் என்ற பொருளும் உண்டு. நள்ளிரவில் காட்டுநடுவே தனித்து நிற்கும் இடம் அது என்பதை நினைத்தால் இரண்டும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தது வியப்பளிக்காது.

இந்தப் பெயர்களில் பரண் ஒன்றே பேச்சுவழக்கில் எஞ்சியது. அதுவும் வயலைவிட்டு வீட்டுக்குள் வந்தது. பழைய ஓட்டுவீட்டில் உத்தரத்தை ஒட்டிப் பலகை அடித்து, பெரிய அண்டா, குத்துவிளக்கு, சீர்வரிசைப் பாத்திரம் ஆகியவற்றை ஏற்றிவைக்கும் இடம் பரண் அல்லது பரணை. பழைய ஏட்டுச்சுவடிகளும் நெடுங்காலம் அங்கேதான் கிடந்தன. ‘பரணில் தூக்கிப்போடு’ என்றால் இப்போதைக்குப் பயனில்லை என்று ஒதுக்கிவிடுவதாகப் பொருள். காவலுக்கு உயர்ந்த இடம் மறதிக்கு உரிய இடமானது இச்சொல்லின் பெரிய பொருள்மாற்றம்.

காவல் பரணின் பழைய வேலை நாடகத்திலும் தொடர்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ‘வள்ளி திருமணம்’ தென்மாவட்டக் கோயில் விழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கும் இசைநாடகம். அதில் வள்ளி புனத்தில் ஆலோலம் பாடிப் பறவை ஓட்டும் காட்சியும், முருகனோடு அவள் நடத்தும் தர்க்கமும் நாடகத்தின் உயிர்நாடி.

கட்டில், பீடம், பீடிகை

கட்டில் என்பது சங்ககாலத்தில் அரசனின் இருக்கையையும் குறித்தது. அரசுகட்டில் ஏறுதல் என்றால் முடிசூடுதல். முரசுகட்டில் என்பது வீரமுரசை வைக்கும் உயர்பீடம். வேறு யாரும் அதில் ஏறக்கூடாது. மோசிகீரனார் களைப்பால் அறியாமல் அதில் படுத்துறங்க, தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரைத் தண்டிக்காமல் விசிறி வீசி நின்ற நிகழ்ச்சி புறநானூற்றில் இடம்பெறுகிறது. உயர்தளத்தில் ஏற உரிமை இல்லாதவர் ஏறினால் வாள் பாயும் என்ற விதி இருந்ததால்தான் அந்த விதிவிலக்கு பாட்டாக நின்றது.

பீடிகை என்ற சொல் பௌத்தத்தோடு இணைந்தது. மணிமேகலைக் காப்பியத்தில் மணிபல்லவத் தீவில் உள்ள புத்த பீடிகை பழம்பிறப்பை உணர்த்தும் ஆற்றல் கொண்டது. அதற்காக இரண்டு நாக அரசர்கள் போரிட்டதாகவும் கதை கூறுகிறது. பிற்காலத்தில் இச்சொல் நூலின் முன்னுரையைக் குறித்தது. இன்று ‘பீடிகை போடாமல் விஷயத்துக்கு வா’ என்று சொல்லும்போது அது சுற்றிவளைத்த முன்பேச்சு. கல் இருக்கையாகத் தொடங்கி, நூலின் தொடக்கமாகி, பேச்சின் தயக்கமாக முடிந்த சொல் இது.

பீடம் வேறு திசையில் சென்றது. கோயில்களில் பலிபீடம், ஆவுடை, படிமங்களின் அடித்தளம் ஆகியவை பீடம். நாட்டார் தெய்வங்கள் பலவற்றுக்கு உருவமே இராது. செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்பு பூசிய பீடமே தெய்வம். ஈழத்தமிழில் பல்கலைக்கழகத்தின் துறைத்தொகுதி பீடம் எனப்படும். கலைப்பீடம், மருத்துவபீடம் ஆகியவற்றின் தலைவர் பீடாதிபதி. தமிழ்நாட்டில் பீடாதிபதி என்றால் மடத்தின் தலைவர்தான் நினைவுக்கு வருவார்.

அதிட்டானம்: சித்தன்னவாசல் சான்று

புதுக்கோட்டைக்கு வடமேற்கே உள்ள சித்தன்னவாசல் குன்றின் கிழக்குச் சரிவில், குறுகலான பாதை வழியே ஏறிச் சென்றால் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகைத்தளம் வரும். சமணத் துறவிகளுக்காக வழுவழுப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் அங்கே உள்ளன. படுக்கைகளில் தலைமாடு சற்று உயர்த்திச் செதுக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் பெரிய ஒன்றின் மீது பொது ஆண்டுக்கு முந்தைய காலத்தைச் சேர்ந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. குமுழூரில் பிறந்த ஒருவருக்கு, சிறுபாவில் இளயர் என்பார் செய்தளித்த ‘அதிட்டானம்’ இது என்ற கருத்தை அது தருகிறது. புதுக்கோட்டை வட்டாரத்தில் உயர்தளத்துக்கு எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய பெயர் இதுவே.

இங்கே அதிட்டானம் துறவியின் உறைவிடத்தையும் படுக்கையையும் குறித்தது. அரசுகட்டில், முரசுகட்டில் போலன்றி இது உடைமையற்றவருக்குத் தரப்பட்ட உயரம். தரையின் ஈரத்திலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் காத்தது. அதற்குமேல் அதற்கு வேறு பெருமை தேவைப்படவில்லை.

பிற்காலச் சிற்பநூல்களில் அதே சொல் கோயில் கட்டடத்தின் அடித்தளத்துக்குக் கலைச்சொல்லானது. உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடுக்கடுக்கான உறுப்புகள் அதற்கு உண்டு. உறுப்புகளின் அமைப்பைப் பொறுத்துப் பாதபந்தம், பிரதிபந்தம் என வகைப்படும். கூடுதல் உயரம் வேண்டுமானால் அதற்குக் கீழே உபபீடம் சேர்ப்பார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி இந்த அதிட்டானத்தின் பட்டைகளில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கொடும்பாளூர் மூவர்கோயிலிலும் நார்த்தாமலை விசயாலய சோழீச்சரத்திலும் இந்த உறுப்புகளைக் கண்கூடாகப் பார்க்கலாம். நார்த்தாமலையில் குடைவரை ஒன்றின் முன்னே மண்டபம் இருந்த இடத்தில், யாளி வரிசையோடு கூடிய அதிட்டானம் மட்டும் இன்று நிற்கிறது.

அரங்கு

ஆடுவதற்கான உயர்தளம் அரங்கு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அதன் அளவுகளைத் தருகிறது. 24 விரல் கொண்டது ஒரு கோல். அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையிலிருந்து உயரம் 1 கோல். மேலே உத்தரப் பலகைவரை இடைவெளி 4 கோல். ஒரு விரலை ஓர் அங்குலமாகக் கொண்டால் ஏறக்குறைய 14 அடிக்கு 16 அடி பரப்பும் 2 அடி உயரமும் வரும். இன்றைய ஊர்த்திருவிழா மேடையைவிடப் பெரிதும் வேறுபடாத அளவு. உள்ளே புகவும் வெளியேறவும் இரண்டு வாயில்கள் இருந்தன. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகள் தொங்கின. தூணின் நிழல் ஆடுபவர்மீதும் அவையின்மீதும் விழாதபடி விளக்கு வைக்கும் முறையும் கூறப்படுகிறது.

அக்காப்பியத்தின் ஆடல்மகள் மாதவி அந்த அரங்கில் ஏறியதே அரங்கேற்றம். பின்னாளில் புலவர்கள் தங்கள் நூலை அவைமுன் படித்து ஒப்புதல் பெறுவதற்கும் இச்சொல் பொருந்தியது. இன்று பரதநாட்டியம் கற்ற சிறுமி முதன்முறை ஆடுவது வரை அது நீள்கிறது. சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் கூட அச்சடித்த அழைப்பிதழில் அரங்கேற்றம் என்ற சொல்லே நிற்கிறது.

கந்தர்வக்கோட்டைக்கு வடக்கே உள்ள தஞ்சைப் பெரிய கோயிலில், இரண்டாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு ஒன்று இராசராசேசுவர நாடகம் ஆண்டுதோறும் நடிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. அதை நடத்திய சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் ஒதுக்கப்பட்டது. அரங்கில் ஏறியவர் கோயிலின் ஊதியம் பெறும் பணியாளராக இருந்ததை இது காட்டுகிறது.

மன்றம், பொதியில், அம்பலம்

ஊர்மக்கள் கூடும் இடத்துக்கு மன்றம், பொதியில், அம்பலம், சாவடி எனப் பெயர்கள் வழங்கின. பெரிய மரத்தடியில் மண் உயர்த்திக் கட்டிய தளமே பெரும்பாலும் மன்றம். வழக்குத் தீர்த்தல், விருந்தினர் தங்கல், விளையாட்டு எல்லாம் அங்கே நடந்தன. இன்று சட்டமன்றம், நீதிமன்றம், ஊராட்சிமன்றம் என்று அரசின் உறுப்புகள் பலவற்றுக்கும் மன்றம் பெயர் கொடுக்கிறது.

அம்பலம் பொதுவிடத்தையும், தில்லையில் கூத்தன் ஆடும் மன்றையும் குறித்தது. புதுக்கோட்டைச் சீமையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் ஊர்த்தலைவருக்கு அம்பலக்காரர் அல்லது அம்பலம் என்ற பட்டம் வழங்கியது. கோயில் முதல்மரியாதையும் ஊர்வழக்கில் இறுதிச்சொல்லும் அவருக்கு உரியவை. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்ற பழமொழி அந்த அமைப்பைச் சொல்லாலேயே காட்டுகிறது. அம்பலம் என்பது இடம். ஏறுதல் என்பது உயரத்துக்கான வினை. ஏறாமல் நிற்பது ஏழையின் சொல். மறைத்தது வெளிப்பட்டுவிட்டால் ‘அம்பலமாயிற்று’ என்கிறோம். சொல் ஏற மறுத்த இடத்தில் குற்றம் மட்டும் எளிதாக ஏறியது.

சாலையோரத்தில் எழுந்த உயர்தளம் சுமைதாங்கி. தோளுயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு அவற்றின்மேல் குறுக்கே ஒரு பலகைக்கல் வைத்தால் சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் துணையின்றி இறக்கவும் ஏற்றவும் அது உதவியது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது பல மாவட்டங்களில் வழக்கம். உழைப்பவரின் உடல் அளவுக்கே செய்யப்பட்ட உயர்தளம் இது.

திண்ணை

தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே, வாசற்படியின் இருபுறமும் கட்டிய உயர்தளம் திண்ணை. திண்மையிலிருந்து பிறந்த சொல் இது. ஒருபுறம் அகலமான பெரிய திண்ணையும் மறுபுறம் சிறிய ஒட்டுத்திண்ணையும் இருக்கும். சாய்ந்துகொள்ளச் சரிவாகக் கட்டிய பகுதி திண்டு. திண்ணைக்கு வெளியே கல் பரப்பிய தாழ்ந்த தளம் குறடு. யாழ்ப்பாண வழக்கில் சிறு திண்ணை குந்து எனப்படும். வேதிகை என்ற செய்யுட்சொல் மறைந்தது; திண்ணை நிலைத்தது.

இராயவரம், அரிமளம், இராங்கியம், கோனாப்பட்டு ஆகிய புதுக்கோட்டை மாவட்ட நகரத்தார் ஊர்களில் திண்ணையே ஒரு தனிக்கட்டாக விரிகிறது. முகப்புத் திண்ணையில் கணக்குப்பிள்ளை கணக்கெழுதுவார். கொடுக்கல் வாங்கல் அங்கேயே முடியும். உள்ளே வளவைச் சுற்றி உயர்த்திய தளம் பட்டாலை. வந்தவர் யார் என்பதைப் பொறுத்து எந்தத் தளம்வரை ஏறலாம் என்பது முடிவானது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் சாதி விதித்த எல்லையும் இதுவே: சிலருக்கு உள்வீடு, சிலருக்குத் திண்ணை, சிலருக்குத் தெருமண். வழிப்போக்கர் படுத்துறங்கலாம் என்று திண்ணையின் விருந்தோம்பலைப் புகழும்போது, அதில் ஏற அனுமதிக்கப்படாதவர்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

திண்ணையின் தனிச்சிறப்பு பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலையில் எழுத்தாணி பிடித்து, எண்சுவடியை உரக்கச் சொல்லிப் பழகும் முறை அது. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இளையவருக்குக் கற்பிப்பான். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுக்கல்வி பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில், மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் கணக்கு வருகிறது. அவற்றுள் தமிழ்ப்பகுதியில் இருந்தவற்றை ஆங்கிலேயர் பதிவுகள் ‘பயால்’ பள்ளிகள் என்று குறிப்பிட்டன. திண்ணையைக் குறிக்கும் இந்தப் பெயர் போர்ச்சுக்கீசிய மொழி வழியாக வந்தது. சென்னை எழும்பூர் ஆண்கள் ஆதரவற்றோர் இல்லத்தில் பணியாற்றிய ஆண்ட்ரு பெல், மணலில் எழுதும் முறையையும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் கைக்கொண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டனில் பரவியது.

திண்ணை பேச்சுக்கும் பேர்போனது. ‘திண்ணைப் பேச்சு’ என்றால் வேலைவெட்டி இல்லாதவர் பேச்சு. ‘திண்ணைதூங்கி’ என்றால் சோம்பேறி. ‘கிழவன் எப்போது சாவான், திண்ணை எப்போது காலியாகும்’ என்பது பதவிக்குக் காத்திருப்பவரைக் குத்தும் சொல். தேர்தல் காலத்தில் கட்சிக்காரர்கள் வீடுவீடாகப் போய் உட்கார்ந்து ஆதரவு கேட்பதைத் திண்ணைப் பிரச்சாரம் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. திண்ணை வைத்துக் கட்டும் வீடுகள் குறைந்த பிறகும் அந்தப் பிரச்சாரத்தின் பெயர் மாறவில்லை.

நாடக மேடை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் திரைச்சீலை, ஓவியக் காட்சி, கொட்டகை ஆகியவை தமிழுக்கு வந்தன. அரங்கு என்ற பழஞ்சொல் நூலில் இருக்க, கொட்டகைக்குள் இருந்த மரத்தளம் மேடை என்றே அழைக்கப்பட்டது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் நடிக்க வந்தது அதுவரை கூத்தாடி என்று இகழப்பட்ட தொழிலுக்குப் புது மதிப்பைத் தந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை அமைத்துச் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தினார்.

புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா (1916–1951) சிறுவயதிலேயே சிறுவர் நாடகக் குழுவான பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, பாட்டும் நடிப்பும் பழகித் திரைக்குச் சென்றவர். ‘உத்தமபுத்திரன்’ (1940) படத்தில் இரட்டை வேடம் ஏற்றார். அன்றைய திரைப்படத்தில் நடிகர் நேராகப் பார்வையாளரை நோக்கிப் பாடியது மேடைப் பழக்கத்தின் தொடர்ச்சி.

கம்பெனி நாடகம் மறைந்த பின்னும் ஸ்பெஷல் நாடகம் நின்றது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் போன்ற ஊர்களில் நடிகர் சங்கங்கள் உள்ளன. திருவிழா நடத்துவோர் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே ஒப்பந்தம் செய்வார்கள். ஒத்திகை கிடையாது, மேடை ஏறிய பிறகுதான் கூட்டாளி யார் என்பதே உறுதியாகும். ஊர்ப்பொதுவில் சிமெண்டால் நிரந்தரமாகக் கட்டி, முகப்பில் கட்டிக்கொடுத்தவர் பெயரைப் பொறித்த மேடைக்குக் கலையரங்கம் அல்லது நாடக மேடை என்று பெயர். நாடகம் இல்லாத நாளில் அதே மேடையில் நெல் காயும், பிள்ளைகள் விளையாடுவார்கள்.

பேச்சு மேடை

மேடை என்றதும் இன்றைய தமிழருக்கு முதலில் தோன்றுவது அரசியல் மேடை. இது இருபதாம் நூற்றாண்டின் படைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதிவரை சென்னையின் பொதுக்கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. 1907 மே மாதத்தில் விபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய சொற்பொழிவுகளும் ஆங்கிலமே. அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் சுப்பிரமணிய சிவாவும் வ. உ. சிதம்பரனாரும் மில் தொழிலாளர்முன் தமிழில் பேசியபோது, சொற்பொழிவு கேட்பவர் யார் என்பதே மாறிப்போனது. திரு. வி. கலியாணசுந்தரனார் தொழிற்சங்கக் கூட்டங்களில் வளர்த்த நடை மேடைத்தமிழுக்கு இலக்கணமாயிற்று.

புதுக்கோட்டைச் சீமையின் திருமயத்தில் 1887இல் பிறந்த சத்தியமூர்த்தி நாடக மேடைக்கும் அரசியல் மேடைக்கும் பாலமாக நின்றார். சுகுண விலாச சபையில் நடித்தவர், காங்கிரசின் தலைசிறந்த பேச்சாளர், கே. பி. சுந்தராம்பாள் போன்ற நாடகக் கலைஞர்களைக் காங்கிரஸ் பிரச்சாரத்துக்குக் கொண்டுவந்தவர். சுயமரியாதை இயக்கத்தின் முழக்கத்தைச் சிற்றூர்வரை கொண்டுசென்றவர்களுள் பட்டுக்கோட்டை அழகிரி குறிப்பிடத்தக்கவர். அண்ணாதுரையும் கருணாநிதியும் நாடகம் எழுதி நடித்தும், அதே ஊரில் கூட்டம் போட்டுப் பேசியும் இரண்டு மேடைகளையும் ஒன்றாக்கினார்கள்.

சுயமரியாதைத் திருமணம் மணமேடையையும் பேச்சு மேடையாக்கியது. 1928இல் சுக்கிலநத்தத்தில் தொடங்கிய இம்முறையில் புரோகிதரும் ஓமகுண்டமும் இல்லை. தலைவர் பேச, மணமக்கள் மாலை மாற்றிக்கொள்வார்கள். அண்ணாதுரை ஆட்சி 1967இல் கொண்டுவந்த சட்டத்திருத்தம் இதற்குச் சட்ட ஏற்பு தந்தது. மணவறை என்ற பழைய சொல்லோடு மணமேடை என்ற சொல்லும் இன்று அழைப்பிதழ்களில் இணையாக நிற்கிறது.

மேடை ஏறும் உரிமை விரிந்தாலும், மேடைக்குள்ளேயே மேல்கீழ் உருவானது. யார் நடுநாற்காலி, யார் பெயர் முதலில், யாருக்கு எந்தச் சால்வை என்பதை ஊர்க்கூட்டத்திலும் மாநாட்டிலும் ஒருபோலக் கவனிப்பார்கள். ‘மேடை நாகரிகம்’ என்ற தொடர் இந்த நுணுக்கத்துக்கு வைத்த பெயர். எதிரிகள் ‘ஒரே மேடையில்’ தோன்றினார்கள் என்றால் கூட்டணி பேசி முடித்தாயிற்று என்று வாசகர் புரிந்துகொள்வார்.

கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில்

கந்தர்வக்கோட்டை ஆங்கிலேயர் ஆட்சியில் தஞ்சாவூர் மாவட்டத்து ஜமீன்களில் ஒன்று. தெற்கே தொட்டுக்கொண்டிருந்த புதுக்கோட்டை தனி அரசு. அந்த அரசு 1948 மார்ச் 3இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974 ஜனவரி 14இல் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துப் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோது இரு பக்கமும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன. தொகுதி மறுவரையறைக்குப் பின் 2011 தேர்தல் முதல் கந்தர்வக்கோட்டை பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியாக உள்ளது. அம்பலத்தில் சொல் ஏறாதவராக வைக்கப்பட்டிருந்தோரின் பிரதிநிதியே இத்தொகுதியின் ஒவ்வொரு தேர்தலிலும் சட்டமன்றம் செல்கிறார்.

காவிரிப் பாசனத்தின் வயற்காடு முடிந்து செம்மண் மேடு தொடங்கும் பகுதி இது. முந்திரி, கடலை, சோளம் விளையும் மானாவாரி நிலத்தைக் கொல்லை என்பார்கள். பள்ளம் நெல்லுக்கும் மேடு புன்செய்க்கும் என்று நிலமே பிரிந்திருப்பதால், மேடு என்ற அடிச்சொல் இங்கே விளைச்சலோடும் வருமானத்தோடும் சேர்ந்த சொல்.

இவ்வட்டாரத்தின் தச்சங்குறிச்சியில் மாதா கோயில் புத்தாண்டு விழாவையொட்டி நடக்கும் ஜல்லிக்கட்டு, 2023, 2024, 2025ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டின் அவ்வாண்டுக்குரிய முதல் ஜல்லிக்கட்டாக அமைந்தது. வாடிவாசலைச் சுற்றி உயர்தளங்கள் பல எழும். காளை வெளிவரும் வாசலுக்கு மேலே வருணனையாளர் நிற்கும் மேடை; அமைச்சரும் ஆட்சியரும் அமரும் விழாமேடை; இரும்புக்குழாயில் அடுக்கிய பார்வையாளர் மாடம். மாட்டுக்காரர் பெயரையும் ஊரையும் ஒலிபெருக்கியில் முழங்கும் வருணனை, காளையோடு அதை வளர்த்தவரையும் அந்தக் கணம் உயர்த்திவிடுகிறது. களத்தில் நிற்பவர் தரையில்தான் நிற்கிறார். எல்லோருடைய பார்வையும் மேலிருந்து கீழே அவரை நோக்கி இறங்குகிறது.

இன்றைய வழக்கு

ரயில் வந்தபோது ‘பிளாட்பாரம்’ தமிழில் கலந்தது. சென்னை ராயபுரத்திலிருந்து 1856 ஜூலை 1இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. நிலைய அறிவிப்பில் இன்று ஒலிப்பது நடைமேடை; பேச்சில் நிற்பது பிளாட்பாரம். சென்னையில் அச்சொல் தெருவோர நடைபாதைக்கும் பெயரானது. ‘பிளாட்பாரக் கடை’, ‘பிளாட்பாரத்தில் படுப்பவர்’ என்னும்போது உயரத்தைக் குறிக்கும் சொல் வீடற்றவரின் முகவரியாகிறது.

எரிவாயு அடுப்பு பரவியதும் தரையில் குந்திச் சமைத்த பெண்கள் நின்று சமைக்கத் தொடங்கினார்கள். இடுப்பளவில் கருங்கல்லோ கடப்பாக்கல்லோ பதித்த தளத்துக்குச் சமையல் மேடை என்று பெயர் வந்தது. தமிழகத்தில் அதிகமானோர் நாள்தோறும் தொடும் மேடை இதுவே. முழங்கால் மடக்கிக் குனிந்திருந்த உடலை நிமிர்த்தியது. சமையல் யார் வேலை என்பதை மாற்றவில்லை.

கணினியுகத்தில் தளம் என்ற சொல் முன்னுக்கு வந்தது. தளம் முன்பே கட்டடத்தின் தரைக்கும் படை தங்கும் இடத்துக்கும் வழங்கியது; ஏவுதளம், விமானத்தளம் அதிலிருந்து பிறந்தவை. இணையதளம், சமூக ஊடகத்தளம், கணினியின் இயங்குதளம் என்று அது விரிந்தது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கும் பொருள்களைத் தமிழ் இரண்டாகப் பிரித்துக்கொண்டது: ஆள் ஏறி நிற்பதானால் மேடை, கருத்தோ தரவோ அமர்வதானால் தளம்.

வழக்கில் உள்ள பிற தொகைச்சொற்கள்: மேடைக்கச்சேரி, மேடைக்கூச்சம், மேடையேற்றம், மேடைப்பாடகர், மேடை அலங்காரம். வழக்கொழிந்தவை: இதணம், பணவை, கழுது, வேதிகை. பொருள் மாறி வாழ்பவை: பரண், பீடிகை, மன்றம், அம்பலம், அதிட்டானம். இப்பட்டியலில் காவலும் துறவும் கூத்தும் தந்த சொற்கள் ஒவ்வொன்றாக மறைந்தோ மாறியோ போயிருக்க, எவர் வேண்டுமானாலும் ஏறலாம் என்ற பொதுமையைக் கொண்ட மேடை புதிய தொகைகளைத் தொடர்ந்து ஈன்றுவருகிறது.